சுவருக்கு அந்தப் பக்கத்து முயல்

அந்த இரண்டு முயல்களும் எங்களிடம் வந்தது ஒரு சாரல் காலத்தில். நானும் என் ஓர்ப்படியாளும் குற்றாலத்தில் குளித்துவிட்டு, ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே வண்டி நிற்கிற இடத்துக்கு நடந்துகொண்டிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு ஒரே ஓர் அண்ணன். அவருடைய மனைவி அவள். அவளை நான் அக்கா என்பேன். வழியில் ஒரு பங்களா வாசலில் தோட்டக்காரர் மூங்கில் கூண்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே இரண்டு சீமை முயல்கள். ஒன்று வெள்ளை, சிவந்த கண். மற்றது சாம்பல் நிறம். மழைத்தூறலுக்கு இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத குறையாக ஒண்டிக்கொண்டிருந்தன.

"தொரையும் தொரைசானியும் அவுக ஊருக்குக் கப்பலேறிட்டாவ. சமையக்காரன் இதுகளைச் சட்டியில போடணுங்கான். எனக்கு மனசு வரல. யாராவது கொண்டு போனாச் சரி," என்றார்.

வீட்டில் என்ன சொல்வார்களோ என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அக்கா குனிந்து கூண்டின் ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டாள். மறுபக்கத்தை நான் தூக்க வேண்டியதாயிற்று. தென்காசி வந்து சேரும்வரை அந்தக் கூண்டு எங்கள் இருவர் மடியிலும் பாதிப் பாதியாக இருந்தது.

எங்கள் இருவருக்கும் அப்போது குழந்தை இல்லை. அவள் கல்யாணமாகிப் பல வருஷம் ஆனவள்; நான் வந்து கொஞ்ச காலம்தான். அவள் கடையத்துக்காரி. நான் புளியங்குடி. மாமியார் மாமனார் இருவரும் போய்ச் சேர்ந்துவிட்ட வீடு. அண்ணனும் தம்பியும் ஒரே அடுப்புச் சோறு தின்று, ஒரே வயலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ஆண்கள் வயலுக்குப் போனபின் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அக்கா வாய் ஓயாமல் பேசுவாள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அது எனக்குப் பிடித்திருந்தது.

முயல் இரண்டும் பெட்டை, ஒரே ஈத்தில் பிறந்தவை என்று தோட்டக்காரர் சொல்லியிருந்தார். நாங்கள் பெயர் எதுவும் வைக்கவில்லை. வெள்ளை, சாம்பல், அவ்வளவுதான். மாட்டுத் தொழுவை ஒட்டிக் கூண்டை வைத்து, பகலில் முற்றத்தில் திறந்துவிடுவோம். அறுகம்புல்லும் முள்முருங்கை இலையும் போட்டால் போதும். அகத்திக்கீரைக்கு மட்டும் சண்டை வரும், அதுவும் சண்டை என்று சொல்ல முடியாது. ஒரே காம்பை இரண்டும் இரண்டு முனையிலிருந்து தின்றுகொண்டு வந்து மூக்கு முட்டினதும் நிறுத்தும். வயிறு நிறைந்ததும் வெள்ளை தலையைத் தரையோடு தாழ்த்தி சாம்பலின் தாடைக்கடியில் நீட்டும். சாம்பல் அதன் காதை நக்கிக் கொடுக்கும். அரிசி புடைத்துக்கொண்டே அக்கா அதைப் பார்த்து, "இங்கன பாரு, தலை பின்னி விடச் சொல்லி உக்காந்திருக்கா," என்பாள். பிறகு அவளும் எண்ணெய்க் கிண்ணத்தோடு என் முன்னால் வந்து முதுகைக் காட்டி உட்காருவாள்; முடிந்ததும் என் தலையை அவள் பின்னி விடுவாள்.

அது உலகச் சண்டைக் காலம்; பஸ் எல்லாம் கரியில் ஓடின. பெட்ரோல் கிடையாது. மாமனாருடைய திதியன்று காலையில்தான் என் வீட்டுக்காரர் புளியங்குடியிலிருந்து திரும்ப வேண்டியிருந்தது. என் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று பார்க்கப் போயிருந்தார். வரும் வழியில் கரி பஸ் மூச்சு முட்டி நின்றுவிட்டது. நடந்தும், யாரோ ஒருவருடைய மாட்டு வண்டியில் தொற்றியும் அவர் வீடு வந்து சேர்ந்தபோது உச்சி கழிந்துவிட்டது. அண்ணன் திதியை முடித்துவிட்டிருந்தார். ஐயருக்கு வேறு வீடு போக வேண்டியிருந்ததாம், நேரமும் தாண்டுகிறதாம். கால் புழுதியோடு வாசலில் நின்று தம்பி பார்த்தபோது காக்கைக்குச் சோறு வைத்து, இலையும் போட்டாயிற்று.

"அப்பா ஒமக்கு மட்டுந்தான் அப்பாவா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நேரத்துக்கு வந்திருந்தா ஒனக்கும் அப்பாதான்," என்றார் அண்ணன்.

இதுதான் பேச்சு. இதற்காகவா ஒரு குடும்பம் பிரியும் என்று பிறகு எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இதற்காக இல்லை. அதற்கு முன்னால் சொல்லாமல் விழுங்கிய பேச்சு இரண்டு பேரிடமும் நிறைய இருந்திருக்கிறது. அன்றைக்கு வாசல் திறந்துகொண்டது. மாமனார் யாரை எப்போது அடித்தார், யாரைப் பள்ளிக்கூடத்தைவிட்டு நிறுத்தினார் என்பதுவரை வந்தது. அன்று இலையில் போட்ட சோற்றை யாரும் தின்னவில்லை. நானும் அக்காவும் அடுப்பங்கரையில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் பாத்திரம் ஒதுக்கினோம்.

தெருப் பெரியவர்கள் வந்து உட்கார்ந்து பாகம் பிரித்தார்கள். வயல், மாடு, பித்தளைப் பாத்திரம், மரப்பெட்டி எல்லாம் பிரிந்தது. கடைசியில் யாரோ ஒருவர் சிரித்துக்கொண்டே, "அந்த முயலு ரெண்டு கெடக்கே," என்றார். கதவுக்குப் பின்னாலிருந்து அக்கா, "அதைப் பிரிக்க வேண்டாம். ரெண்டும் அவகிட்டயே இருக்கட்டும்," என்றாள். ஆண்கள் கூடிய இடத்தில் அவள் குரல் எழுந்தது அதுதான் முதல் தடவை. அத்தான் திரும்பிப் பார்க்காமல், "நமக்குள்ளது நமக்கு," என்றார். கணவருடைய அண்ணனை நான் அத்தான் என்பேன். அப்படியாக வெள்ளை அவர்களுக்கு, சாம்பல் எங்களுக்கு.

வீட்டுக்கு நடுவே மண்சுவர் எழுந்தது. பட்டாசாலைக் கூடத்தை இரண்டாக்கி, முற்றத்தை இரண்டாக்கிப் புறவாசல்வரை போயிற்று. கிணறு ஒன்றுதான் இருந்ததால் சுவர் கிணற்றின் குறுக்கே பலகை போட்டு அதன்மேல் ஏறி நின்றது. அந்தப் பக்கம் ஒரு கப்பி, இந்தப் பக்கம் ஒரு கப்பி. தண்ணீர் மட்டும் ஒன்று.

சாம்பல் முதல் நாள் சுவரோரத்தைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது. பிறகு பிறாண்டுவதையும் விட்டுவிட்டது. கூண்டின் மூலையில் முகத்தை வைத்துக்கொண்டு குறுகி உட்கார்ந்தது. அகத்தியைக் காட்டினால் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். அதன் முதுகெலும்பு என் விரலுக்குத் தட்டுப்பட ஆரம்பித்தது.

நாங்கள் பேசிக்கொள்ளக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டு நடையை மிதிக்க எனக்குத் தைரியம் இல்லை, அவளுக்கும் இல்லை. கிணற்றடியில்தான் பேச்சு. கப்பி சத்தம் கேட்டால் நானும் குடத்தை எடுத்துக்கொண்டு போவேன். சுவருக்கு அப்பால் அவள் குரல் கிணற்றுக்குள் இறங்கி, ஈரத்தோடு மேலே வரும்.

"சாம்பல் தின்னுச்சாட்டி?"

"இல்லக்கா. வெள்ளை?"

"என் கையில குடுத்தா ரெண்டு வாய் வாங்குது. பொறவு தலையைத் தாத்திட்டு உக்காந்திருக்கு. நான் காதைத் தடவிக் குடுத்துப் பாத்தேன். என் கை அதுக்குப் பத்தல."

நான் வாளியை இழுக்காமல் நின்றுகொண்டிருந்தேன். அவளும் இழுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ஒனக்கு யாரு தலை பின்னுதா?" என்று கேட்டாள்.

சாம்பல் மெலிவதை என் வீட்டுக்காரரும் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஒருநாள் வயலிலிருந்து வரும்போது துண்டுக்குள் எதையோ பொதிந்து கொண்டுவந்தார். காட்டுமுயல் குட்டி. பண்பொழிப் பக்கம் கடலைக்கொடி பிடுங்கும்போது அகப்பட்டதாம்.

"முயலுக்கு முயலுதானே துணை? விட்டுப் பாரு," என்றார். எனக்காகத்தான் அவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கிறார் என்பது தெரிந்தது. அதனால் சந்தேகம் இருந்தும் கூண்டைத் திறந்தேன்.

கூண்டுக்குள் விட்டதும் சாம்பல் பின்காலைத் தரையில் தட்டிவிட்டு மூலைக்குப் போயிற்று. அது ஒன்றும் செய்யவில்லை. காட்டுமுயல்தான் பைத்தியம் பிடித்ததுபோல மூங்கிலில் மோதிற்று. பிடிக்கப் போனால் இன்னும் மோதிற்று. கூண்டின்மேல் சாக்கைப் போட்டு இருட்டாக்கி, சத்தம் காட்டாமல் நாங்கள் இருவரும் விலகி நின்றோம். மறுநாள் வெயில் ஏறியபின் பார்த்தபோது அது கால் நீட்டிக் கிடந்தது. உடம்பில் பெரிய காயம் ஒன்றும் இல்லை.

"பயத்துலயே போயிருச்சு," என்றார் அவர். அதைப் புதைத்துவிட்டு வந்து கை கால் கழுவினவர், அன்று முழுவதும் வயலுக்குப் போகவில்லை.

மாசி கழிந்து காய்ச்சல் வந்தது. மலையடிவாரத்து ஊர்களில் அது வருஷா வருஷம் வருகிற குளிர்காய்ச்சல்தான். ஆனால் அந்த வருஷம் கொயினா மாத்திரை எங்கும் அகப்படவில்லை. எல்லாம் பட்டாளத்துக்குப் போகிறது என்றார்கள். ஒருநாள் அந்தப் பக்கத்துக் கப்பி சத்தம் கேட்கவில்லை. மறுநாளும் இல்லை. பிறகு கேட்டது, ஆனால் இழுப்பு ஆண்பிள்ளை இழுப்பு. வாளி சுவரில் இடித்து இடித்து ஏறியது. அத்தான் தண்ணீர் இறைக்கிறார் என்றால் அக்கா படுத்துவிட்டாள் என்று அர்த்தம்.

"நான் போயிப் பாத்துட்டு வாரேன்," என்றேன் என் வீட்டுக்காரரிடம். அனுமதி கேட்கவில்லை, சொன்னேன். அவர் திரும்பி உள்ளே போனார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்து நான் நடையிறங்கும்போது பின்னாலேயே வந்து என் கையில் ஒரு சின்னப் பொட்டலத்தை வைத்தார். கொயினா. எங்கே அலைந்து வாங்கினார், எத்தனை நாளாக வைத்திருந்தார் என்று தெரியவில்லை. "நீயே கொண்டாந்ததாச் சொல்லு," என்றார்.

அக்கா இரண்டு கம்பளிக்குள் கிடந்தாள். எப்போதும் பேசுகிற வாய் உலர்ந்து வெடித்திருந்தது. மாத்திரையைக் கரைத்து ஊட்டினேன். பாதிக்கு மேல் வெளியே வந்துவிட்டது. நான் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து சிக்குப் பிடித்துக் கிடந்த தலைமுடியை விரலால் பிரித்தேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். முகம் தெரிந்துகொண்டாள்.

"வெள்ளையைக் கொண்டுபோயி அதுகூட விட்டிரு," என்றாள்.

"நீங்க எந்திரிங்க அக்கா. ரெண்டு பேருமா விடுவோம்."

"அதுவரைக்கும் தாங்காது," என்றாள். முயலைச் சொன்னாளா, தன்னைச் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. அத்தான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் மத்தியானம் அவள் போய்விட்டாள். என் வீட்டுக்காரர் முதலில் தெருவில் ஊராரோடு ஊராராகத்தான் நின்றார். பாடையைத் தூக்கும்போது யாரையும் கேட்காமல் வந்து முன்பக்கம் தோள் கொடுத்தார். அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை.

காரியமெல்லாம் முடிந்து, வந்த உறவுகள் திரும்பிப் போனபின் ஒரு காலையில் அத்தான் எங்கள் வாசலுக்கு வந்தார். கையில் ஓலைக்கூடை. தம்பி மனைவியோடு அவர் நேருக்கு நேர் பேசும் வழக்கம் இல்லை. எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அவ சொல்லிட்டுப் போனா. தாயி வாங்கிக்கிடணும்." கூடைக்குள் வெள்ளை இருந்தது. அதுவும் எலும்பாகத்தான் இருந்தது.

என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். "உள்ள வாங்க," என்றார்.

மூன்று பேரும் முற்றத்துக்குப் போனோம். சாம்பல் வெளியே இருந்தது. கூடையை நான் தரையில் சாய்த்தேன். இத்தனை நாள் ஒன்றுக்காக ஒன்று தின்னாமல் கிடந்தவை அல்லவா, ஓடி ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தேன். அந்த ஒரு காட்சியைப் பார்த்தால் போதும் என்றிருந்தது எனக்கு. அதற்குள் அழுகை வந்துவிட்டது.

சாம்பல் காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு ஓடிவந்து வெள்ளையின் மேல் பாய்ந்தது. இரண்டும் உருண்டன. ரோமம் கொத்துக் கொத்தாகப் பறந்தது. முயல் அப்படிக் கத்தும் என்று அதற்குமுன் எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் கையை நடுவில் விட்டு வெள்ளையைப் பிடுங்கித் தூக்கினார். வெள்ளையின் ஒரு காது நுனி கிழிந்து தொங்கியது. அவர் பெருவிரலிலும் பல் ஆழமாக இறங்கியிருந்தது.

"ஒரே வயித்துல பொறந்தது," என்றார் அத்தான். "ஒன்னாப் படுத்துக் கெடந்தது. எப்படி மறக்கும்?"

தம்பியின் விரலிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. அத்தான் தோள்துண்டின் ஓரத்தைக் கிழித்தார். நான் மஞ்சள்பொடி கொண்டுவந்தேன். தம்பியின் கையைத் தன் கையில் வாங்கி, பொடியை அப்பி, அவர்தான் கட்டினார். கட்டி முடித்தபிறகும் உடனே விடவில்லை. பிறகு விட்டுவிட்டு, கூடையை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

வெள்ளைக்கு வேறொரு கூண்டு பின்னிப் பக்கத்தில் வைத்தோம், பல்லுக்கு எட்டாத இடைவெளி விட்டு. என் பிறந்த வீட்டில் தாய் செத்த கன்றை வேறு மாட்டிடம் ஊட்ட விட வேண்டுமானால் அந்த மாட்டின் கன்று கிடந்த வைக்கோலால் இதைத் துடைப்பார்கள். அதை நினைத்துக்கொண்டு வெள்ளை படுத்த வைக்கோலை சாம்பலுக்கும் சாம்பலுடையதை வெள்ளைக்கும் மாற்றி மாற்றிப் போட்டேன். சாம்பல் ஆத்திரத்தோடு அதைக் கால்களால் வாரி எறியும். பிறகு எறிவது குறைந்தது. ஒருநாள் அதன்மேலேயே படுத்திருந்தது.

அத்தான் தினமும் சாயங்காலம் வந்தார். கையில் கொஞ்சம் அறுகம்புல்லோ அகத்தியோ இருக்கும். தொழுவோரம் கிடந்த கல்லில் உட்காருவார். தம்பி வந்து சற்றுத் தள்ளி நிற்பார்.

"இன்னைக்குத் தின்னுச்சா?"

"தின்னுச்சு."

"காது?"

"பொருக்கு விட்டிருக்கு."

இதற்குமேல் பேச்சு போகாது. முயலைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் அவர் இருட்டுகிறவரை இருப்பார். அந்தப் பக்கம் விளக்கேற்ற ஆள் இல்லை. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். சில நாள் சாப்பிட்டார்.

முற்றத்தில் இன்னும் இரண்டு தடவை விட்டுப் பார்த்தோம். சாம்பல் துரத்தியது. இந்த முற்றத்தைத் தன்னுடையது என்று அது நினைக்கிறது என்று எனக்குத் தோன்றியது. இரண்டுக்கும் சொந்தமில்லாத இடமாக இருந்தால் என்ன? அதை நான் என் வீட்டுக்காரரிடம் சொல்ல, அவர் சாயங்காலம் அண்ணனிடம் சொன்னார். அத்தான் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார்.

"அந்தப் பக்கத்து அரங்கு வீடு சும்மாத்தான் கெடக்கு," என்றார். "வெள்ளை அதுக்குள்ள போனதில்ல."

அரங்கு வீடு என்பது பண்டம் வைக்கிற உள்ளறை. சுவர் எழுந்தபின் அன்றுதான் என் வீட்டுக்காரர் அந்தப் பக்கத்து நடையை மிதித்தார். அத்தான் அறையைத் திறந்தார். நெல் கொட்டி வைக்கிற குலுக்கைகள் காலியாக இருந்தன. கொடியில் அக்காவின் சேலை ஒன்று போட்டபடி கிடந்தது. அதை எடுத்து மடித்து வைக்க அவருக்குத் தோன்றவில்லையோ, கை வரவில்லையோ. நாங்கள் மூன்று பேரும் கதவைச் சாத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தோம். சாளரத்திலிருந்து வெளிச்சம் விழுந்த இடத்தில் இரண்டையும் விட்டோம்.

முதலில் இரண்டும் இரண்டு மூலைக்குப் போயின. ஒன்றையொன்று பார்க்காததுபோல முகத்தைக் கழுவிக்கொண்டன. சாம்பல் ஒரு தடவை துரத்தியது. என் வீட்டுக்காரர் காலை நீட்டித் தடுத்தார். அவ்வளவுதான் அன்றைக்கு. மறுநாளும் போனோம். பல நாள் போனோம். வேலையைப் போட்டுவிட்டு மூன்று பெரியவர்கள் இருட்டறையில் முயலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அறைக்குள் அண்ணனும் தம்பியும் ஒரே பக்கத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார்கள். நான் எதிரே, சேலைக்குக் கீழே.

ஒருநாள் வெள்ளை மெதுவாக நகர்ந்து நகர்ந்து சாம்பலுக்கு முன்னால் போய் நின்றது. என் வீட்டுக்காரர் காலைத் தயாராக வைத்துக்கொண்டார். வெள்ளை தலையைத் தரையோடு தாழ்த்திற்று. கிழிந்த காது மேலாக இருந்தது. சாம்பல் அசையவில்லை. மூக்கு மட்டும் துடித்தது. வெகுநேரம் அப்படியே இருந்தது. நான் மூச்சைக்கூட மெல்ல விட்டேன். பிறகு சாம்பல் குனிந்து அந்தக் காதை நக்கியது. ஒரு தடவை நக்கி நிறுத்திவிட்டு மறுபடியும் நக்கியது.

அத்தான் எழுந்து கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். புறவாசலில் அவர் அழுகிற சத்தம் கேட்டது. அவள் செத்த அன்றுகூட அவர் அப்படி அழவில்லை. தம்பி எழுந்து போகப் பார்த்தார். நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். பிறகு, "இல்ல, போங்க," என்றேன். அவர் போனார். வெளியே அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. பேசினார்களோ என்னவோ.

சுவரை யாரும் இடிக்கவில்லை. இடிக்கலாமா என்று ஒருவரும் கேட்கவும் இல்லை. அத்தான் அந்தப் பக்கமே இருந்தார். சாப்பாடு மட்டும் எங்கள் அடுப்பில். மறு கல்யாணம் செய்யச் சொல்லி உறவுகள் கடையத்திலிருந்தும் வந்து சொல்லிப் பார்த்தார்கள். அவர் கேட்டுவிட்டு முயலுக்குப் புல் போட எழுந்து போய்விடுவார். எனக்கு மூத்த பிள்ளை பிறந்து தவழ ஆரம்பித்தபோது முயல்கள் இரண்டும் கிழடாகிவிட்டன. வெயில் விழுகிற இடம் பார்த்து ஒன்றோடொன்று சாய்ந்து கிடக்கும். பிள்ளை வாலைப் பிடித்து இழுத்தால்கூட எழுந்திருக்காது.

சாம்பல்தான் முதலில் போயிற்று. ஐப்பசி மழையில் ஒரு காலை பார்த்தபோது விறைத்துக் கிடந்தது. வெள்ளை அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து அதன் தலையில் மூக்கை வைத்திருந்தது. எடுக்கப் போன என்னை அத்தான் தடுத்தார். "கொஞ்சம் இருக்கட்டும். அது பாத்துக்கிடட்டும்," என்றார். மத்தியானம் வெள்ளை தானாகவே விலகிப் போய் வேறு மூலையில் உட்கார்ந்தது. அப்புறம்தான் எடுத்தோம்.

"செங்கோட்டையில ஒருத்தர் சீமை முயல் வச்சிருக்காராம். ஒன்னு கேட்டு வாங்கியாரட்டுமா?" என்று என் வீட்டுக்காரர் அண்ணனிடம் கேட்டார்.

"வேண்டாம்," என்றார் அத்தான். "நான் இருக்கேன்லா."

வெள்ளையை அவர் அந்தப் பக்கத்துக்கு எடுத்துக்கொண்டு போனார். சாப்பிட வரும்போது துண்டில் சுற்றிக் கையிலேயே கொண்டுவருவார். தன் இலையிலிருந்து கீரையை ஒதுக்கி அதற்குக் கொடுத்துவிட்டுத்தான் அவர் கை நனைப்பார். இன்னும் ஒரு கோடைவரை அது இருந்தது. ஒருநாள் அவர் வெறுங்கையோடு வந்து இலையின் முன் உட்கார்ந்தார். நான் சோறு போட்டேன். அதை எங்கே புதைத்தார் என்று அவர் கடைசிவரை எங்களிடம் சொல்லவில்லை.